சரியான விடை

வேலணை,
14.09.1986

அன்புள்ள யாகப்பு அண்ணைக்கு,

ஓம், உண்மைதான். உங்கள் அயல்வீட்டுக் குருசுமுத்துவை இயக்கப் பொடியள் பிடித்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் கடலில் கட்டிவிட்டுப் போன வலையில் மீன் களவெடுத்தார் என்று. நீங்கள் அதை நம்பவில்லை, சிரித்தீர்கள் என்று மண்டபம் அகதி முகாமிலிருந்து வந்த வள்ளக்காரர் சொன்னார். நம்புங்கள். காரணம் நான்.

என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் கரைப் பள்ளிக்கூடத்துக்குத் தை மாதம் வந்த டீச்சர். பெயர் சத்தியபாமா, ஊர் சரவணை. ஒரே தீவுதான். ஆனால் தோட்டம் செய்கிற எங்கள் ஊருக்குக் கடல் தெரியும், கரையின் வழக்கம் தெரியாது.

நான்காம் வகுப்பு. அன்றைய பாடம் குற்றமும் அதன் வகைகளும். களவு, அடிதடி, ஏமாற்று, கொலை. கரும்பலகையில் எழுதினேன். உடையவருக்குத் தெரியாமல் அவர் பொருளை எடுப்பது களவு. பல்கலைக்கழகம் போய் வந்தவள். வரைவிலக்கணம் சொல்லத் தெரியும்.

குற்றம் செய்தவரை எங்கே கொண்டுபோவார்கள் என்று கேட்டேன். நீதிமன்றம் என்ற பதிலுக்காகக் காத்து நின்றேன். கம்பத்துக்கு டீச்சர், என்றார்கள். முழு வகுப்பும்.

ஆனி மாதம் பொடியள் ஒருவரைச் சந்தியில் மின்கம்பத்தோடு கட்டிச் சுட்டார்கள். கழுத்தில் குற்றம் எழுதின மட்டை. பிள்ளைகள் அந்த வழியால்தான் பள்ளிக்கூடம் வருகிறார்கள்.

பேச்சை மாற்றுவதற்காகக் களவுக்கு உதாரணம் கேட்டேன்.

அம்புறோஸ் தன் அழிரப்பர் களவு போனதைச் சொன்னான். பக்கத்தில் இருந்தவள், பொய் டீச்சர், இவன்தான் கடிச்சுத் திண்டவன் என்றாள். எல்லோரும் சிரித்தோம். பிறகு குருசுமுத்துவின் மகள் ஜசிந்தா எழும்பினாள். எங்கட அப்பா யாகப்பு மாமாவின்ர வலையில மீன் எடுக்கிறவர் டீச்சர், மாமா இந்தியாவில, அவருக்குத் தெரியாது, என்றாள்.

சரியான விடை என்றேன். கைதட்டச் சொன்னேன்.

அவளுடைய முகம், அண்ணை.

பள்ளிக்கூடம் விட்டது. கதை ஒழுங்கை ஒழுங்கையாகப் போனது. மறுநாள் காலை பொடியள் அவர் வீட்டுக்கு வந்தார்கள். வெளியூர் ஆட்கள். ஆரைக் கேட்டு எடுத்தனீ என்று கேட்டார்களாம். கேக்கிறதோ, அவன் கோலைச் சாத்திப்போட்டெல்லோ போனவன், என்றாராம் குருசுமுத்து. அவர்களுக்கு விளங்கவில்லை. வேலியில் நின்ற உங்கள் வள்ளக் கோலையும் களவுச் சாமான் என்று எடுத்துக்கொண்டு போனார்கள்.

எனக்கும் அதற்குப் பிறகுதான் தெரியும். கடலை விட்டுப் போகிற ஆள் தன் கோலை அயலவன் வேலியில் சாத்திவிட்டுப் போவார். வலையைப் பார், மீனை எடு என்று அதற்கு அர்த்தம். அதை வாயால் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. கேட்டால் நம்பவில்லை என்றாகிவிடும். உங்கள் வலை இன்றைக்கும் ஓட்டை இல்லாமல் கிடக்கிறது என்றால் அதைப் பொத்தினது அவர் கை.

இது தெரிந்தவர்களில் பாதிப்பேர் உங்களோடு மண்டபத்தில். மற்றவர்கள் வாய் திறக்கப் பயப்படுகிறார்கள். நானே பொடியளின் முகாமுக்குப் போய்ச் சொன்னேன். பொறுப்பாளர் என்னைவிட இளையவர். எழும்பிக் கதிரை தந்தார். முழுவதையும் கேட்டார். பிறகு, டீச்சர், நீங்கள் படிப்பிச்சதுதானே இது, என்றார்.

என்ன செய்தால் அவரை விடுவீர்கள் என்று கேட்டேன்.

உடையவன் கைப்பட எழுதித் தரட்டும் என்கிறார்கள். வள்ளக்காரர் வாயால் சொன்னது செல்லாதாம். வெள்ளிக்கிழமை வரைதான் தவணை. அதற்குப் பிறகு என்ன என்று நான் கேட்கவில்லை. என் வகுப்புக்கே தெரியும்.

ஜசிந்தா பள்ளிக்கூடம் வருவதில்லை. நேற்று வழியில் கண்டேன். என்ர விடையைப் பிழை எண்டு போடுங்கோ டீச்சர், என்றாள்.

ஒரு வரி போதும், அண்ணை. என் வலை, நான் கொடுத்தேன். கீழே உங்கள் கையெழுத்து. உங்கள் மாதா உங்களையும் வீட்டாரையும் காக்கட்டும். நீங்கள் அவரைக் காக்க வேண்டும்.

இப்படிக்கு,
சி. சத்தியபாமா

பி.கு. வள்ளக்காரர் கடிதத்தை வாங்க மறுத்துவிட்டார். கடற்படை துரத்தினால் கடதாசியைத்தான் முதலில் கடலில் எறிவாராம். இதைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு நானே வள்ளத்தில் ஏறப்போகிறேன்.