பாண்டீஸ்வரியை விடாத கிளப்

ஜூலை 14, திங்கள்

ஆனி முடியவில்லை, அதற்குள் ஆடிக் காற்று. மைதானத்து மண் பல்லிடுக்கு வரை.

முதலில் மன்னிப்பு. இது குரூப் ஃபோர் பரீட்சைக்குக் குறிப்பெடுக்க அப்பா வாங்கித் தந்த நோட்டு. வெண்டைக்காய் மூட்டையை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, கடை கடையாக ஏறி, கோடு போட்டதா என்று கேட்டு வாங்கினார். வீட்டில் முதல் டிகிரி நான். அதில் ஃபுட்பால் கிளப் சண்டையை எழுதுகிறேன். பேச வாய் வராதவளுக்கு வேறு வழியில்லை. நாலு பக்கத்தோடு நிறுத்திவிடுவேன்.

பயிற்சி முடிந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே பாண்டீஸ்வரி சொன்னாள். சென்னையில் ஒரு பெண்கள் கிளப் கூப்பிட்டிருக்கிறது. ஹாஸ்டல், கூடவே கல்லூரியில் இடம். ஆன்லைனில் டிரான்ஸ்பர் கேட்டு அனுப்பிவிட்டார்கள். நம் கிளப் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சம்மதம் கொடுக்க வேண்டும். தவறினால் இந்த வருடம் போச்சு.

"நீங்கதானக்கா பாஸ்வேர்டு வச்சிருக்கீக."

ஆமாம். பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டரில் வேலை என்பதால் கிளப்பின் ஆன்லைன் வேலை முழுவதும் என் தலையில். மற்றபடி நான் லெஃப்ட் பேக். பெரும்பாலும் பெஞ்சு. முழு ஆட்டம் ஆடியது மூன்றே தடவை. பாஸ்வேர்டு இருந்து என்ன, ஓடிபி செக்ரட்டரி போனுக்குத்தான் போகும்.

பெஞ்சில் இருந்து பார்த்துத்தான் பாண்டீஸ்வரியைத் தெரியும். எங்களுக்கெல்லாம் பந்து காலுக்கு வந்த பிறகு யோசனை. அவளுக்கு வருவதற்கு முன்பே முடிவாகியிருக்கும், யாருக்கு என்று. வயது பத்தொன்பது.

கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

வெங்காயப் பேட்டை. செக்ரட்டரியின் கமிஷன் கடை. உள்ளே போனதுமே கண்ணில் தண்ணீர். அழுகிறேன் என்று நினைத்திருப்பார்.

விடமாட்டாராம். மண்ணில் புரண்டு கிடந்த பிள்ளையை ஆளாக்கியது கிளப்பாம். "வெதச்சது நாம, தண்ணி பாய்ச்சினது நாம. அறுக்க மட்டும் அவனுக வருவானுகளோ?"

கோச் சார் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். நல்ல மனிதர். டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு செக்ரட்டரி (இனி செ.) எனக்கு ஒரு வேலை சொன்னார். சென்னை கிளப்புக்குக் கடிதம். பாண்டீஸ்வரிக்கு (இனி பா.) முழங்காலில் தசைநார் கிழிந்துவிட்டது, ஆறு மாதம் ஆடமுடியாது என்று. "நாளைக்கு அடிச்சு எடுத்துட்டு வா தாயி. ஒன் இங்கிலீசு நல்லாருக்கும்."

தலையாட்டினேன். எனக்கு முன்னால் என் தலை ஆடிவிடுகிறது. அதை வெட்டிப் போட வேண்டும்.

வாங்க: அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம். ஷின் கார்டு பட்டை. நீலப் பேனா இரண்டு.

ஜூலை 16, புதன்

டைப் அடித்தேன். நாலே வரி. பிரிண்ட் எடுத்துப் பார்த்தால் பொய் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது. லெட்டர்பேடில் பந்து படம் வேறு.

சென்டர் ஓனர் அண்ணன் போனில் ஏதோ ஃபுட்பால் வீடியோ ஓடியது. நல்ல ஆட்டக்காரர்களைக் கிளப்புகளால் ஏன் வைத்துக்கொள்ள முடியவில்லை என்று. சம்பளம், கோப்பை ஆசை, பெரிய லீக், நடுவில் ஏஜென்ட். வெளிநாட்டிலும் சின்ன கிளப் வளர்க்குமாம், பெரிய கிளப் கொண்டுபோகுமாம். ஃபுட்பால் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது என்பதுபோல் அண்ணன் எனக்கு விளக்கினார். தலையாட்டினேன்.

அப்புறம், வீணான பிரிண்டின் பின்பக்கத்தில் நானே எழுதினேன். எங்களை விட்டுப் போனவர்கள்.

முத்துலட்சுமி, கோல்கீப்பர். மைதானத்தில் கழிப்பறை கிடையாது. பள்ளிக்கூடத்துக் கழிப்பறை கோல் போஸ்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது, பூட்டியிருக்கும். மத்தியானத்திலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்து ஆடுவோம், எல்லோரும்தான். அவளுக்கு நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் படுத்தாள். அவள் அம்மா நிறுத்திவிட்டார். சாவி கேட்டு எழுதிய கடிதம் இன்னும் செ. மேசையில்.

ஜெனிபர், ஃபார்வர்டு. நத்தம் பஸ் ஆறரைக்கு. பயிற்சி முடிவது ஆறே முக்கால். அரை மணி நேரம் முன்னால் தொடங்கலாமா என்று கேட்டாள். "ஒருத்திக்காக ஊரு நேரத்த மாத்துறதா?"

சரண்யா. கல்யாணம். இதற்குக் கிளப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பத்திரிகை கொடுக்க வந்தவளிடம், இனிமே அடுப்பங்கரைதான் ஒனக்கு கிரவுண்டு என்றார் செ. எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

கவிதா. சேலத்தில் கல்லூரி. போகும்போது தன் சான்றிதழ்களைக் கேட்டாள். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

சம்பளத்துக்காகப் போனது ஒருத்தியும் இல்லை. இங்கே சம்பளமே கிடையாது.

சான்றிதழ் விஷயத்தை எழுதியே ஆக வேண்டும். சேரும்போதே எல்லோரிடமும் ஒரிஜினலை வாங்கிவிடுவார்கள். பள்ளியில், மாவட்டத்தில், மாநிலத்தில் ஆடியதற்கு வாங்கியது எல்லாம். ஓட்டு வீட்டில் மழை ஒழுகும், கரையான் அரிக்கும், கிளப் பீரோவில் பத்திரமாக இருக்குமாம். பீரோ இருப்பது செ. கடையில், சாக்குகளுக்குப் பின்னால். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட்டோ வேலையோ வேண்டுமென்றால் அந்தக் காகிதம் இல்லாமல் நடக்காது. பதினெட்டு பிளாஸ்டிக் உறை. மேலே பெயர் எழுதியது நான். அழகாக எழுதினேன், ஸ்கெட்ச் பேனாவில்.

இப்படித்தான் எங்கள் கிளப் ஆளைத் தக்கவைக்கிறது.

போன வருடம் ஃபைனல். பா.வுக்குக் கணுக்கால் வீங்கி பூட்ஸ் ஏறவில்லை. ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கிக்கொண்டு நான் ஓடி வருவதற்குள் மறுபடி இறக்கிவிட்டிருந்தார்கள். "இருவது நிமிசந்தான் ஆத்தா, ஊரு மானம்." ஜெயித்தோம். சால்வை, போட்டோ. மறுநாள் கால் எப்படி இருக்கிறது என்று ஒரு போன் இல்லை. பூப்பறிக்கும் வேலையை விட்டுவிட்டு அவள் அம்மாதான் வத்தலக்குண்டுக்குக் கட்டுப்போட கூட்டிப்போனார்.

நிஜமாக வீங்கிய காலுக்கு ஒரு வரி எழுதாதவர்கள், வீங்காத முழங்காலுக்கு லெட்டர்பேடு எடுக்கிறார்கள்.

கடிதத்தைக் கிழித்தேன். சின்னச் சின்னதாக.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. தேங்காய் சுடும் வாசனை தெரு முழுக்க.

பதினோரு மணி. சென்டரில் ஆள் இல்லாத நேரம். கிளப் பக்கத்தைத் திறந்தேன். பா. பெயர், அவள் போட்டோ, கீழே இரண்டு பட்டன். 'சம்மதம்' என்பதை அமுக்கினேன். ஓடிபி போயிற்று. செ.வுக்குப் போன் போட்டேன்.

"சார், பாண்டீஸ்வரி டிரான்ஸ்பருக்கு ஓடிபி வந்திருக்கும்."

பின்னால் ஏலச் சத்தம், கடிதம் அவர் நினைவிலேயே இல்லை. "சத்தமாப் பேசேன் தாயி. ஓடிபியா? இந்தா எழுதிக்க."

ஆறு எண்ணையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எப்போதும் இப்படித்தான். எதற்கு என்று இத்தனை நாளில் ஒரு தடவை கேட்டதில்லை. நானும் ஒவ்வொரு தடவையும் எதற்கு என்று சொல்லியிருக்கிறேன். இன்றும் சொன்னேன். சத்தமாகச் சொல்லவில்லை. அது தப்பா? பாதித் தப்பு. வைத்துக்கொள்கிறேன்.

பச்சையில் வந்தது: டிரான்ஸ்பர் முடிந்தது. முகம் கழுவினேன். தயிர்சாதம், தொட்டுக்கொள்ள வெஞ்சனம் மாங்காய்த் துண்டு. முழுவதும் சாப்பிட்டேன், ஆச்சரியம்.

பா.விடம் போனில் சொன்னேன். "ஒங்களத்தானக்கா வைவாக." அவள் அம்மா போனை வாங்கினார். சம்பளம் கேட்பார் என்று நினைத்தேன்.

"அங்க கால்ல அடிபட்டா பாப்பாகளாத்தா?"

அதற்கென்றே ஒரு ஆள் இருக்கிறாராம் என்றேன். அது போதும் என்றார்.

ஜூலை 18, வெள்ளி

காலை ரயிலில் போய்விட்டாள். வழியனுப்பப் போகவில்லை, சென்டரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கூட்டம். நாலரை மணிக்குக் குரல் செய்தி: "அக்கா, ஹாஸ்டல் நல்லாருக்கு. தண்ணி நெறையக் குடிக்கச் சொல்றாக. காலேஜ் சீட்டுக்கு ஒரிஜினல் சர்ட்டிபிகேட் வேணுமாம். பத்து நாளைக்குள்ள."

பீரோ. சாக்குகள். செ. இடுப்பில் சாவி.

ஆக, பாதிதான் போயிருக்கிறாள்.

சாயங்காலம் பயிற்சி. எல்லோரும் அவள் நிற்கும் இடத்துக்கே பந்தை அடிக்கிறோம். அங்கே யாரும் இல்லை. பந்து வெளியே போய்க் கருவேல முள்ளில். இரண்டு பந்து பஞ்சர்.

மாலதி, எங்கள் கேப்டன்: "நல்லா ஆடுறவளுக்கு டிரெயினு. நமக்கு இந்த முள்ளு." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. பத்து நாள் கெடுவைப் பற்றி அவளிடம் மட்டும் சொன்னேன். தன் உறையும் அங்கேதான் இருக்கிறது என்றாள், முதல் தடவை நினைத்துப் பார்ப்பவள்போல.

ஜூலை 19, சனி

செ. கூப்பிட்டு அனுப்பினார். சென்னையிலிருந்து யாரோ போன் செய்து நன்றி சொல்லியிருக்கிறார்கள். நன்றியில்தான் மாட்டினேன்.

கடையில் அவர், கோச் சார், மூட்டை தூக்கும் நாலு பேர். என்னவெல்லாமோ சொன்னார். உண்ட வீட்டுக்கு ரெண்டகம். படித்த திமிர். பொட்டப்பிள்ளை என்று நம்பியது தப்பு. ஓடிபியை ஏமாற்றி வாங்கிவிட்டாய்.

"சொன்னேன் சார்."

"என்னத்தச் சொன்ன?"

"பாண்டீஸ்வரி டிரான்ஸ்பருக்குன்னு சொல்லித்தான் சார் கேட்டேன்."

அவர் கோச் சாரைப் பார்த்தார். கோச் சார் டம்ளரைக் கீழே வைத்தார். "அது எப்பவும் சொல்லித்தாண்ணே கேக்கும். நமக்குத்தான் காதுல ஏறாது."

செ. கொஞ்ச நேரம் வெங்காயத் தோலைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு, நடந்தது நடந்துபோச்சு, போனவள் போகட்டும், இருப்பவர்களாவது விசுவாசமாக இருங்கள் என்றார். அடுத்த மாதம் டோர்னமெண்ட், பெயர்ப் பட்டியல் அடித்து வா என்று காகிதத்தை நீட்டினார். மன்னித்துவிட்டாராம். அதில்தான் எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

காகிதத்தை வாங்கவில்லை. நின்றேன்.

"இன்னும் என்ன? ஒன்னையும் எவனாச்சும் கூப்புட்டுட்டானா?"

மூட்டைக்காரர்கள் சிரித்தார்கள். நான் பேசியபோது அந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவு சத்தமாக வந்திருக்கிறது.

"என்னைய யாரும் கூப்புடல சார். கூப்புடவும் மாட்டாக. நான் இங்கனதான் ஆடுவேன். அந்தப் பீரோவத் தொறந்து பதினெட்டுப் பேரு சர்ட்டிபிகேட்டையும் எங்க கையில குடுத்துருங்க."