பாதி சார்ஜில் நிற்கும் வண்டி

மச்சான்,

இரண்டு வாரம் கழித்து இன்று காலை உன் வண்டியின் உறையைத் தூக்கினேன். முன்மூடியைத் திறந்ததும் புகையிலை நெடி முகத்தில் அறைந்தது. எலி வயரைக் கடிக்காமலிருக்க நான் கட்டித் தொங்கவிட்ட புகையிலைதான். உனக்கு அந்த நெடி ஆகவே ஆகாது. "எலி ஓடுதோ இல்லையோ, நான் ஓடிடுவேன்டா" என்பாய். சொன்னபடி நீதான் ஓடினாய். எலி இன்னும் சுவரோரமாக உட்கார்ந்து என்னை வேடிக்கை பார்க்கிறது.

உன் கரண்ட் வண்டியைப் பற்றிய என் கருத்து இன்றுவரை மாறவில்லை. நாலு சக்கரம் மாட்டிய துணி துவைக்கும் மிஷின், அவ்வளவுதான். புகை கிடையாது, சத்தம் கிடையாது, அதட்டி மிதித்தால் ஒரு உறுமல் கிடையாது. நான் பிரேக் பிடிக்காத லாரியைச் செங்கல்பட்டிலிருந்து நாக்பூர் வரை ஒற்றைக் கையால் ஓட்டிப் போனவன். மறு கையில் டீ கிளாஸ், ஒரு சொட்டு சிந்தவில்லை. "போன தடவை விஜயவாடான்னு சொன்னியே" என்று நீ குறுக்கே கேட்பாய். ரோடு நீளுவது இயற்கை. ஏழாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனாலும் இஞ்சின் என் காலடி ஓசை கேட்டாலே எழுந்து நிற்கும். நீ யார்? டெலிபோன் ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் நாற்காலியைத் தேய்த்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு ஓட்டக் கற்றுக்கொண்ட ஆள். சேலையூரில் மாடி வீட்டில் நீ, கீழ் வீட்டில் நான். இரண்டு வீட்டிலும் வீட்டுக்காரிகள் போய்ச் சேர்ந்து, ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர். அந்த வயதில் போய் உனக்கு முதல் கார்.

மகளின் பிரசவத்துக்கு ஆறு மாதம் மெல்போர்ன் கிளம்பினாய். புறப்படும் முன் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தாய். இரண்டு பக்கம், குண்டு குண்டான உன் கையெழுத்து. சார்ஜ் பாதியில் நிற்க வேண்டுமாம், நூறுக்கு ஏற்றக் கூடாதாம். வயரைச் செருகியே வைக்கக் கூடாதாம். தேவையில்லாமல் ஆன் பண்ணக் கூடாதாம். பண்ணினால் பிரேக்கை மிதித்துக்கொண்டுதான் பொத்தானை அமுக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் முன்னால் இருக்கும் சின்ன பேட்டரி இறங்கிவிடுமாம்.

"இன்னா மச்சான் இது, பாதி சார்ஜு? வூட்டுக்கு வந்தவனுக்குப் பாதி இட்லி போடுவியா நீ?"

"பெரிய பேட்டரி பாதியில இருந்தாதான்டா ரொம்ப நாள் உழைக்கும். சொன்னத செய்."

"நீ போய்ட்டு வா. வண்டிங்கள நான் வளத்தவன்."

"ஒண்ணே ஒண்ணுடா. நான் திரும்பி வர்ற அன்னிக்கு ஏர்போர்ட்டுக்கு இத எடுத்துட்டு வா. நானே ஓட்டிட்டு வீட்டுக்கு வரணும். இத்தன வருஷமா யாராவது என்னை கூட்டிட்டு வந்துதான் வீட்ல விட்டிருக்காங்க."

உன் தாளை நான் நாலாக மடித்து, ஆடிய ஸ்டூலின் காலுக்குக் கீழே வைத்தேன். ஸ்டூல் ஆடாமல் நின்றது. அந்தத் தாளுக்கு அப்போது நான் கொடுத்த மரியாதை அது.

வயரைச் செருகினேன், நூறு காட்டும் வரை ஏற்றினேன், செருகியபடியே விட்டேன். வெள்ளிக்கிழமை தோறும் காலை பத்து மணிக்குச் சக்கரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, ஊதுபத்தி காட்டி, வண்டியை ஆன் செய்து கால்மணி நேரம் சூடேற்றினேன். சும்மா நிற்கும் எந்த வண்டிக்கும் நாங்கள் செய்கிற வைத்தியம் அதுதான். நிற்கிற வண்டிக்கு எதற்குப் பிரேக் என்று வெறும் பொத்தானை மட்டும் அமுக்கினேன். விளக்கு எரிந்தது, ரேடியோ பாடியது, ஃபேன் காற்று வந்தது. உள்ளேயே உட்கார்ந்துகொண்டேன். உனக்காகத்தான் உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்.

நீ போன் பண்ணுவாய்.

"சார்ஜ் எவ்ளோடா காட்டுது?"

"கரெக்டா அம்பது. நூல் பிசகல."

"அப்படியா… சரிடா."

ஐப்பசி மழையில் தெருக்காரர்கள் எல்லாரும் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்திவிட்டு வந்தார்கள். கோழைகள். நான் கேட்டுக்கு முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றேன். தெருமுனை வரை வந்த தண்ணீர் என்னைப் பார்த்துத் திரும்பிப் போனது. எதிர்வீட்டில் கேட்டுப் பார், வேறு மாதிரி சொல்வார்கள்.

நீ வருவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை, பொத்தானை அமுக்கினேன், ஒன்றும் எரியவில்லை. சின்ன பேட்டரி செத்துவிட்டது. பக்கத்தில் பெரிய பேட்டரி நூறு வைத்துக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ஒரு விளக்கைக் கொளுத்தத் துப்பில்லை. நான் சொன்னேனே, என்ன வண்டி இது? அன்றைக்கு மட்டும் நீ மூன்று தடவை கூப்பிட்டாய்.

"நல்லா இருக்கியாடா?"

"உன் வண்டிக்கு ஒண்ணும் ஆவல, கல்லு மாதிரி கீது!"

"வண்டிய கேக்கல. உன்னை கேட்டேன்."

வெளிநாட்டுக் காற்று பட்டு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்தேன். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் என் பேர் கெட்டுவிடுமே என்று மூன்று வாரமும் நானே முன்மூடியைத் திறந்து திறந்து மூடினேன். நீ வந்த அன்று வாடகைக் காரில்தான் ஏர்போர்ட் வந்தேன்.

"வண்டி எங்கடா?"

"சர்வீஸுக்கு விட்டுக்கீறேன் மச்சான். நேத்தே தரேன்னான் மடப்பய…"

நீ பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாய். அந்தத் துணி துவைக்கும் மிஷின் அத்தனை மாதமும் செல்போன் வழியாக உனக்குக் கோள் சொல்லியிருக்கிறது. வெள்ளிக்கிழமை பத்து மணி, வண்டி ஆன். சார்ஜ் நூறு. அடுத்த வெள்ளிக்கிழமை, வண்டி ஆன். சார்ஜ் நூறு. கடைசி மூன்று வாரம் மட்டும் வெறுமை.

"தெரிஞ்சினே கேட்டியா? தப்புன்னு ஒரு வார்த்த சொல்றதுதானே?"

"சொன்னா ரோஷத்துல நிறுத்திடுவ. பத்து மணிக்கு வண்டி ஆன் ஆனா நீ எழுந்து நடமாடுறன்னு எனக்குத் தெரியும். கீழ் வீட்ல வேற யாரு இருக்கா சொல்றதுக்கு? பேட்டரி போனா வேற போட்டுக்கலாம்டா."

வாடகைக் காரின் பின் சீட்டில் ஏறினாய். பல்லாவரம் சிக்னலில் நின்றபோது, "ஓட்டிட்டு வரணும்னு இருந்தேன்" என்றாய். ஒரே தடவைதான். பிறகு பேத்தியின் படத்தைக் காட்ட ஆரம்பித்துவிட்டாய். அதில் நான் பேத்தியைச் சரியாகப் பார்க்கவில்லை, மச்சான்.

புது சின்ன பேட்டரி போட்டதும் பொத்தேரி வரை என்னை உட்காரவைத்து ஓட்டினாய். ஜி.எஸ்.டி. ரோட்டில் காலேஜ் பிள்ளைகள் சைக்கிளில் நம்மைத் தாண்டிப் போனார்கள். அப்படி ஒரு கேவலமான ஓட்டுதலை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. உன் முகம் மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. ஆனால் ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்கு, நீயாக ஓட்டிவரும் அந்த ஒரு சவாரி உனக்குக் கிடைக்கவேயில்லை. அடுத்த பயணத்துக்கு டிக்கெட் எடுக்கும் முன்பே, ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்துவிட்டாய்.

உன் மகள் வண்டியை விற்க மாட்டேன் என்கிறாள். "நான் வர்ற வரைக்கும் நீங்களே வச்சிருங்க அங்கிள்" என்று சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். ஸ்டூலை மறுபடி ஆடவிட்டு உன் தாளை வெளியே எடுத்தேன். மடிப்பில் எழுத்து கொஞ்சம் அழிந்திருக்கிறது. சார்ஜ் இப்போது ஐம்பது. வேண்டுமானால் எண்ணிப் பார். வயர் சுருட்டி மாட்டியிருக்கிறது. நான் மதிக்காதது "தேவையில்லாமல் ஆன் பண்ணாதே" என்ற வரியை மட்டும்தான். தேவை என்றால் என்னவென்று டெலிபோன் ஆபீஸ்காரனா எனக்குச் சொல்லித்தருவது?

போன வெள்ளிக்கிழமை காய்ச்சலில் படுத்துவிட்டேன். சாதாரணக் காய்ச்சல் இல்லை, தெர்மாமீட்டரே வெடித்தது. பதினொன்றரைக்கு மெல்போர்னிலிருந்து போன்.

"அங்கிள், இன்னிக்கு வண்டி ஆன் ஆகலையே. உடம்பு சரியில்லையா?"

வேலைவெட்டி இல்லாத குடும்பம்டா உன்னுடையது. அப்பனுக்குப் பிறகு மகள்.

இன்று பத்துக்கு ஐந்து நிமிஷம் முன்பே வந்து உட்கார்ந்தேன். பிரேக்கை மிதித்தேன். அப்புறம்தான் பொத்தானை அமுக்கினேன்.