அடுத்த வீட்டில் கேட்ட குரல்

செவ்வாய்க்கிழமை.

அக்காவின் மகன் யூட்டின் உடல் வெள்ளிக்கிழமை கட்டாரிலிருந்து வந்து சேரும் என்று, அவனை அங்கே வேலைக்கு அனுப்பிய முகவர் தொலைபேசியில் உறுதிப்படுத்தினார்.

அக்காவுக்குக் காது மந்தம். அவன் கடைசியாக அனுப்பிய குரல்பதிவைச் சத்தமாகக் கேட்க வேண்டும் என்றார். சந்தையில் வாங்கிய மலிவான புளூடூத் ரிசீவரைப் பழைய ரேடியோவில் பொருத்தினேன். கைபேசி இணைந்துவிட்டதாகக் காட்டியது, ரேடியோவில் சத்தமில்லை.

பக்கத்து வீட்டு மேரி ஓடி வந்தார்.

"அண்ணை, உங்கட பெடியன் எங்கட வீட்டில கதைக்கிறான்!"

அவரும் சந்தையில் அதே கடையில்தான் ஒரு ரிசீவர் வாங்கியிருந்தார். இரண்டு ரிசீவருக்கும் கைபேசியில் ஒரே பெயர்; என்னுடையது அவர் வீட்டு ரிசீவரோடு இணைந்திருந்தது.

விசயத்தை அக்காவின் காதருகே சொன்னேன்.

"அங்க ஏன் போனவன்? இஞ்ச வரச் சொல்லு."

மேரி தன்னுடையதை நிறுத்தினார். எங்கள் ரேடியோவில் மூன்று தரம் போட்டேன்.

சவப்பெட்டியைத் திறக்க விடுவார்களா என்று அக்கா கேட்கிறார். முகவர் நாளை பின்னேரம் சொல்வாராம்.