இருபத்தொன்பது சென்டிமீட்டருக்குள் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு

மார்ச் 3, செவ்வாய்

குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது அறிவிப்பு வந்தது. நாங்கள் விளையாடும் பண்ணை விளையாட்டைப் புதுப்பிக்கிறார்களாம். ஏப்ரல் ஒன்று முதல், திரையில் படம் வரைகிற கிராஃபிக்ஸ் கார்டு, அதுவும் எட்டு ஜி.பி. நினைவகத்தோடு, இல்லாத கம்ப்யூட்டரில் அது ஓடாதாம். என் பழைய லேப்டாப் இப்போதே இரைந்து இரைந்துதான் ஓடுகிறது. அதில் கார்டு மாட்டவும் முடியாது, கம்ப்யூட்டரே புதிதாக வாங்கவேண்டும்.

தங்கையிடம் சொன்னேன். "நான் போன வருஷமே புதுசு வாங்கிட்டேன்க்கா. நீயும் ஒண்ணு வாங்கிடேன்" என்றாள். ஏதோ சோப்பு வாங்குவதுபோல.

வாங்கித்தான் ஆகவேண்டும். தினமும் மூன்று மணிக்கு, அவள் ஒரு தேசத்தில் நான் ஒரு தேசத்தில் உட்கார்ந்து, ஒரே பண்ணையில் வேலி போடுகிறோம், மீன் பிடிக்கிறோம். கைக்கு வேலை இருந்தால் எங்கள் வாய் தானாகப் பேசுகிறது. வெறும் போன் என்றால் "சாப்பிட்டியா", "அங்க மழையா", அவ்வளவுதான். அம்மா இறந்த சமயத்தில் நான் ஒரு கடுஞ்சொல் சொல்லி, அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தேன். அதற்குப்பின் மூன்று வருஷம் பேச்சில்லை. போன வருஷம் அவளாகத்தான் இந்த விளையாட்டுக்கு அழைத்தாள். இன்றுவரை அம்மா பேச்சை மட்டும் இருவரும் எடுப்பதில்லை.

இந்த ஒரு மணி நேரமும் போய்விட்டால் எங்களுக்குள் வேறு என்ன இருக்கிறது?

மார்ச் 5, வியாழன்

இரண்டு நாளாகப் படிக்கிறேன். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் கட்டம் போட்டு எழுதுகிறேன். இந்தக் கார்டுகளுக்குப் பெயர் வைத்தவர்களை நிற்க வைத்துக் கேட்கவேண்டும். ஒரு எண். அதே எண்ணுக்கு ஒரு வால் சேர்த்தால் வேறு கார்டு. அந்த வாலுக்கும் ஒரு வால் உண்டு. எல்லாம் ஒத்துப்போனாலும் ஒன்றில் எட்டு ஜி.பி., இன்னொன்றில் பதினாறு! வீடியோவில் ஒருவர் "எட்டு வாங்கினால் அழுவீர்கள்" என்கிறார். அடுத்தவர் "பதினாறு வாங்குகிறவர் ஏமாளி" என்கிறார். இருவருமே கத்துகிறார்கள்.

காலைப் பிரார்த்தனையில் மனம் நிற்கவில்லை. கண்ணை மூடினால் கார்டின் விசிறி சுற்றுகிறது.

மார்ச் 9, திங்கள்

என் கணவரையும் அழைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். அழைத்துப் போனது தப்பு.

"பையனுக்கா மேடம்?" என்றார் கடைக்காரர்.

"எனக்கு."

"ஓ, வீட்ல இருந்து ஆஃபீஸ் வேலை பாக்கறீங்களா?"

"விளையாடறதுக்கு."

அதன்பிறகு கடைக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. நான் கேள்வி கேட்பேன், பதில் என் கணவருக்குப் போகும். டிவி ரிமோட்டுக்கு பேட்டரி எந்தப் பக்கம் போடுவது என்று என்னைக் கேட்கிற மனிதர், எல்லாம் தெரிந்தவர்போல "ம்... ம்..." என்று தலையாட்டுகிறார். வெளியே வந்ததும் "அவர் என்னம்மா சொன்னாரு?" என்கிறார். கடவுளே, பொறுமையைக் கொடு.

மார்ச் 10, செவ்வாய்

முடிவு செய்துவிட்டேன். இஸ்திரி மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் சின்ன கம்ப்யூட்டர் கேபினட்தான் நிற்கும். அதற்குள் இருபத்தொன்பது சென்டிமீட்டர் நீளம் வரைதான் கார்டு போகும். நான் குறித்திருப்பது இருபத்துநாலு. இரண்டு விசிறி, எட்டு ஜி.பி. என் திரைக்கும் எங்கள் விளையாட்டுக்கும் இது தாராளம். பவர் சப்ளையும் தாங்கும். இதற்குமேல் கொடுக்கிற ஒவ்வொரு காசும் ஜம்பத்துக்கு.

மார்ச் 14, சனி

யாரைக் கேட்டுச் செய்தார்கள்?

நான் எடுத்து வைத்திருந்த பணத்தை அவர் தன் தம்பியிடம் கொடுத்திருக்கிறார். மேலே கொஞ்சம் தானும் போட்டு. எனக்கு உதவியாம்! கொழுந்தனார் காலையில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு சிரித்தபடி வந்தார். கேபினட் நான் சொன்னதுதான். கார்டு? முப்பத்துமூன்றரை சென்டிமீட்டர். மூன்று விசிறி. கல்யாண வீடுபோல விளக்கு.

"பத்து வருஷத்துக்குக் கவலையே இல்ல அண்ணி. இதுதான் இப்ப டாப்பு."

"உள்ள போகலையே."

"போகும் போகும். இந்த முன்பக்கத் தகட்டை மட்டும் கொஞ்சம் வெட்டிட்டா..."

புத்தம்புது கேபினட்டை வெட்டுவாராம்!

"அவன் சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்கிறார் இவர்.

பத்து நாளா ராப்பகலா உக்காந்து எழுதினேனே, அந்த நோட்டை ஒருத்தராவது தொறந்து பாத்தீங்களா? வாய்விட்டே கேட்டுவிட்டேன். இருவரும் கேபினட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மார்ச் 16, திங்கள்

அந்தப் பெரிய கார்டைத் திருப்பிக் கொடுக்கத் தனியாகக் கடைக்குப் போனேன். கொழுந்தனாரும் அதே கடையில்தான் வாங்கியிருக்கிறார்.

"சார் வரலையா? அவரை வரச் சொல்லுங்க மேடம், நான் பேசிக்கிறேன்."

நோட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். பன்னிரண்டு கார்டு, நீளம், மின்சாரம், சூடு, விலை, யாருக்கு எது வேண்டாம் என்பது வரை. மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் படித்தார்.

"இதை யார் எழுதிக் குடுத்தாங்க?"

"நானே எழுதினது."

மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார். பிறகு உள்ளே போய் நான் குறித்த அதே கார்டை எடுத்துவந்தார். மீதிப் பணத்தையும் எண்ணி வைத்தார். "இந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா மேடம்? கஸ்டமருக்குக் காட்ட" என்றார். எடுத்துக்கொள்ளட்டும்.

மார்ச் 18, புதன்

ஓடுகிறது! தண்ணீருக்கு அடியில் மீனின் நிழல்கூடத் தெரிகிறது. கடவுளுக்கு நன்றி.

மார்ச் 22, ஞாயிறு

கம்ப்யூட்டருக்கு உறை தைத்தேன். இந்த வீட்டில் ஃப்ரிட்ஜுக்கு உறை உண்டு, வாஷிங் மெஷினுக்கு உண்டு. இவ்வளவு விலை கொடுத்த பொருள் மட்டும் தூசியில் நிற்பதா? பச்சைப் பூப்போட்ட துணி மீந்திருந்தது. கீழே சுருக்கு வைத்து, முன்னால் பட்டனுக்கும் பின்னால் வயருக்கும் திறப்பு விட்டேன். கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

மார்ச் 24, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

குளக்கரையில் இருவரும் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தோம். நேற்றிலிருந்தே விசிறிச் சத்தம் அதிகம்தான், நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் தூண்டிலை எடுத்து மறுபடி போட்டாள். பிறகு, "அக்கா, அம்மா கடைசியில என்னைக் கேட்டாங்களா?"

நான் வாயைத் திறந்தேன். திரை கறுத்தது. மெஷின் அணைந்துவிட்டது.

பட்டனை அழுத்துகிறேன், அழுத்துகிறேன், பத்து நிமிஷம் உயிர் வரவில்லை. வந்தபோது குளக்கரையில் அவள் இல்லை. போன் போட்டால் எடுக்கவில்லை.

நாலு வருஷம் கழிச்சு வாயத் தொறந்து கேட்டா. அந்த நிமிஷமா நிக்கணும் இந்தச் சனியன்?

மார்ச் 25, புதன்

"மெஷின் நின்றுவிட்டது, நான் அணைக்கவில்லை" என்று செய்தி அனுப்பினேன். பதில் வந்தது: "பரவாயில்லக்கா. நான் கேட்டிருக்கக் கூடாது."

நம்பவில்லை. ஏன் நம்புவாள்? ஒரு தடவை பட்டென்று வைத்தவள்தானே நான்.

மூன்று மணிக்குப் போய் உட்கார்ந்தேன். அவள் வரவில்லை. அரைமணியில் மெஷின் மறுபடி அணைந்தது.

மார்ச் 26, வியாழன்

கடைக்காரருக்குப் போன் போட்டேன். சொல்லக்கூடாத வார்த்தை எல்லாம் சொன்னேன். ஓட்டை கார்டைத் தலையில் கட்டிவிட்டதாக, பெண்பிள்ளை என்று ஏமாற்றிவிட்டதாக. அவர் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மேடம், கேபினட் மேல எதையாவது போட்டு மூடி வச்சிருக்கீங்களா?"

திரும்பிப் பார்த்தேன். பச்சைப் பூ.

"சூடு வெளிய போக வழியே இல்லாட்டி அது தானா நின்னுடும் மேடம். நோட்டுல சூட்டுக்குன்னு தனிக் கட்டமே போட்டிருந்தீங்களே!"

மன்னிப்புக் கேட்டேன். மனிதர் சிரித்தார், நல்லவர். மாலைப் பிரார்த்தனையில் இன்னொரு முறை கேட்டுக்கொள்ளவேண்டும்.

உறையோடு மெஷினை ஒரு படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன். "இதனால்தான் நின்றது" என்று மட்டும் எழுதினேன். ஒரு நிமிஷத்தில் போன் வந்தது. பேச்சே இல்லை, மூச்சு முட்டச் சிரிப்பு. "அக்கா... அதுக்குச் சுருக்கு வேற வச்சிருக்கியா!" நானும் சிரித்தேன். சிரித்து முடித்தோம். நான் போனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"கேட்டாங்க" என்றேன். "தினம் கேட்டாங்க. குளிப்பாட்டினது நான், ஊட்டினது நான். கண்ணைத் தொறந்தா 'சின்னவ வந்துட்டாளா'ன்னுதான் கேப்பாங்க. அந்தக் கோவத்துலதான்டி உன்கிட்ட அப்படிப் பேசினேன். உனக்கு விசா கிடைக்கலன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பேசினேன்."

அவள் அழுதாள். நானும்தான். யாரும் போனை வைக்கவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

மே மாதம் வருகிறாள், பத்து நாள். பயணச்சீட்டு எடுத்துவிட்டாளாம். எடுத்த பிறகு சொல்கிறாள்! முன்னாலேயே ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

அம்மா இருந்த அறையை ஒழித்தேன். நாலு வருஷமாகப் பூட்டிக் கிடந்ததில் ஜன்னல் இறுகிவிட்டது. எண்ணெய் விட்டு, தட்டித் தட்டி, நகம் உடைந்ததுதான் மிச்சம் என்று நினைக்கும்போது திறந்தது. மெத்தையை வெயிலில் போட்டேன். அவரைத் திரைச்சீலைக்குக் கம்பி வாங்கிவரச் சொன்னால், அளவு கேட்காமலே கிளம்பிவிட்டார். வாசல் வரை ஓடிப்போய் நிறுத்தினேன்.

மணி மூன்றேகால் ஆகிவிட்டது. இன்று விளையாட நேரமில்லை என்று அவளுக்குச் சொல்லிவிட்டேன்.