அந்தச் சீட்டு என்னைப் பற்றியது அல்ல

அன்புள்ள மகளுக்கு,

மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று, போதும். நீயும் மருமகனும் நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். நீ படுத்துக் கிடந்தபோது கேட்காதவனுக்கு இப்போது கேட்க என்ன முகம் இருக்கிறது? இருந்தாலும் கேட்கிறேன். கழுத்துத் தையல் ஆறிவிட்டதா? குரல் பழையபடி வந்துவிட்டதா? உன் அம்மா அங்கே நன்றாக உறங்குகிறாளா? எனக்கு இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆலயத்தின் பின்வாசல் பக்கம் இருக்கும் ஜெபப் பெட்டி உனக்கு நினைவிருக்கும். அதன் சாவி என்னிடம். ஞாயிறு ஆராதனையின் வேத வாசிப்பை என்னிடமிருந்து பிடுங்கிய பிறகு எனக்கு மிஞ்சியது அந்தச் சாவி ஒன்றுதான். பதின்மூன்று வருடம் வாசித்தவனை ஒரு வார்த்தை சொல்லாமல் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அதை நான் மறக்கவில்லை, மறப்பதாகவும் இல்லை என்றுதான் போன வாரம் வரை இருந்தேன். அந்தப் பெட்டியில் பெயர் இல்லாமல் ஒரு சீட்டு வந்தது. தன்னைத் தவிர யாரையும் பார்க்கத் தெரியாத ஒரு மனுஷனுக்காக ஜெபியுங்கள், அவன் மனந்திரும்ப வேண்டும் என்று எழுதியிருந்தது. போதகர் அதைச் சபையில் வாசித்தார். வாசித்துவிட்டு என் பக்கம் பார்த்தார். பார்த்தார் என்று அன்றைக்குச் சத்தியமே செய்திருப்பேன். தன் குறிப்பேட்டில் அதை எழுதிவைத்துக்கொண்டு பத்து ஞாயிற்றுக்கிழமைகள் விடாமல் ஜெபித்தார். எல்லாரும் கண்ணை மூடியிருக்க, நான் மட்டும் திறந்துவைத்து, யாருடைய உதட்டோரத்தில் சிரிப்பு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் பிழைப்பு உனக்குத் தெரியும். இருபத்தாறு வருடமாகப் பத்திர அலுவலகத்தில் உட்கார்ந்து, இந்தக் கையெழுத்தும் அந்தக் கையெழுத்தும் ஒரே கையா என்று பார்க்கிறவன். போதகர் வாசித்துவிட்டுப் பெட்டியிலேயே திரும்பப் போட்ட சீட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். திருட்டு என்று அப்போது தோன்றவில்லை. அந்த வாரம் பார்த்து உன் கடிதம் வந்தது. போனில் பேசுகிற பெண் எதற்குத் திடீரென்று கடிதம் எழுதுகிறாள் என்று அதிலும் ஒரு சந்தேகம். இரண்டையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். உன் ‘ற’ கடைசியில் உள்பக்கமாக மடங்கும், சீட்டிலும் மடங்கியிருந்தது. அந்த ஒரு எழுத்து போதும் என்று வழக்கை முடித்தேன். நீ எழுதி அனுப்பியிருக்கிறாய், உன் அம்மா பெட்டியில் போட்டிருக்கிறாள், போதகருக்கும் எல்லாம் தெரியும். அன்றிலிருந்து உன் போனை நான் எடுக்கவில்லை.

உன் அம்மா வந்து, அவ லெட்டரைப் படிச்சீங்களா என்று கேட்டாள். படிச்சேன், ஒவ்வொரு எழுத்தா அலசிப் பாத்துட்டேன், இனி அவ பேச்சை இந்த வீட்ல எடுக்காதே என்றேன். உங்களுக்கு நெஞ்சுல என்னதான் இருக்கு என்று மட்டும் கேட்டாள். அடுத்த வாரம் பெட்டியைக் கட்டிக்கொண்டு உன்னிடம் புறப்பட்டுவிட்டாள். கட்சி மாறிவிட்டாள் என்று நினைத்தேன்.

போன ஞாயிறு திருவிருந்துக்கு முன் பாடகர் குழுத் தலைவர் எழுந்து நின்றார். நாம் வீட்டில் ‘தொண்டை’ என்று கேலி செய்வோமே, அவர்தான். நீங்க இத்தனை வாரமா ஜெபிச்ச அந்த ஆள் நான்தாங்க, சீட்டு எழுதிப் போட்டதும் நான்தான், பாட்டுப் பாடும்போதுகூட ஆண்டவரை நினைக்கல, என் குரல் எப்படிக் கேக்குதுன்னுதான் கேட்டுட்டிருந்தேன் என்றார். பிறகு என் இருக்கைக்கு வந்து, அண்ணே, வாசிப்பை உங்ககிட்டருந்து எடுக்கச் சொன்னது நான்தான், உங்க குரல் எடுப்பா இருந்தது எனக்குப் பொறுக்கல, மன்னிச்சிருங்க என்று கையைப் பிடித்தார். எல்லார் முன்னாலும் ஏன் செய்கிறார், நல்ல பெயர் வாங்கவா என்றுதான் என் புத்தி போயிற்று. அதற்கும் முன்னால் வந்த நினைப்பைச் சொல்லவே கூசுகிறது. அப்படியென்றால் அது நான் இல்லையா என்று ஒரு ஏமாற்றம் வந்தது. பத்து வாரம் சபையே எனக்காக ஜெபித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன், யாரும் என்னை நினைக்கவே இல்லை. வேறொருவன் தன் பாவத்துக்காக அழுததைக்கூட என்னைப் பற்றிய பேச்சாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து, எடுத்துவைக்கலாம் என்று உன் கடிதத்தைக் கையில் எடுத்தேன். பூதக்கண்ணாடி இல்லாமல் அன்றுதான் படித்தேன். அப்பா, கழுத்தில் கட்டி, ஆபரேஷன் என்கிறார்கள், போனில் சொன்னால் அழுதுவிடுவேன், குரல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது, ஒரு வாரம் வந்து பக்கத்தில் இருப்பீர்களா என்று எழுதியிருக்கிறாய். அந்த ‘ற’வெல்லாம் இந்த வரிகளில்தான் இருந்தது மகளே. எழுத்தைப் பார்த்தேன், நீ எழுதியதைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை போதகரிடம் போய்ச் சீட்டையும் சாவியையும் மேசையில் வைத்துத் திருடியதைச் சொன்னேன். சாவியை என் பக்கமே தள்ளி, எங்கிட்ட சொல்லிட்டீங்க, சொல்ல வேண்டிய ஆள் இன்னொருத்தர் இருக்காங்கல்ல என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்ததோ என்று இன்னும் யோசிக்கிறேன். பார், இந்த நோய் ஒரே நாளில் போவதாக இல்லை. இதை எழுதும்போதும் அப்பா எவ்வளவு தாழ்ந்து எழுதியிருக்கிறார் என்று நீ சொல்லப்போவதை உள்ளே ஒருவன் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான். பிறரைச் சந்தேகப்பட்டுத் தேய்ந்த கண்ணை இனி அவன்மேல் வைத்திருக்கலாம் என்று பார்க்கிறேன். என்னை மன்னித்துவிடு. உன் அம்மாவிடமும் நானே கேட்பேன், நீ இடையில் நின்று பேச வேண்டாம்.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் காப்பாராக. மருத்துவர் சொன்ன நாளில் தவறாமல் போய்க் காட்டு, குரலை இழுத்துப் பேசாதே.

இப்படிக்கு என்று எழுதப்போய்ப் பேனாவை நிறுத்திவிட்டேன். அடியில் வாலை நீட்டி இரண்டு புள்ளி வைக்கும் என் கையெழுத்தின்மேல் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும். கையெழுத்து இல்லாத தாளை வைத்து யாரிடமும் எதையும் கேட்க முடியாது என்று அலுவலகத்தில் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இந்தத் தாளும் உன்னிடம் எதையும் கேட்க வேண்டாம், ஒரு பதிலைக்கூட. கையெழுத்துப் போடாமலேயே உறையில் வைத்து ஒட்டித் தபாலில் சேர்க்கப்போகிறேன்.