இங்கேயே தைத்த பைகள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம், படி ஏறும்போது மட்டும் என் முழங்கால் முணுமுணுக்கிறது. போனில் கூப்பிடும்போது அம்மா பக்கத்திலேயே இருப்பதால் மனம்விட்டுப் பேச முடிவதில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

பெரிய கடையில் அம்மாவின் பள்ளிப் பைகளுக்கு இடம் கொடுத்ததைச் சொன்னேன் அல்லவா, மேலாளர் போட்ட நிபந்தனையைச் சொல்லவில்லை. வெளிநாட்டுப் பைகளுக்குப் பக்கத்திலேயே வைப்பார்களாம், இரண்டு வாரம் பார்ப்பார்களாம், போகாவிட்டால் நாமே எடுத்துக்கொண்டு போய்விட வேண்டுமாம். நம் பை விலை அதைப் போல ஒன்றரை மடங்கு. ஆனாலும் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. முன்பே அவள் கேட்டுப் பார்த்தவர்கள் எல்லாரும் ‘நம்ம நாட்டுல செஞ்சதுன்னா கூடக் கொடுத்தாவது வாங்குவோம்’ என்றுதானே சொன்னார்கள். ‘இங்கேயே தைத்தது’ என்று கொட்டை எழுத்தில் அட்டை எழுதி மாட்டினாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தினமும் சாயங்காலம் போய், தண்ணீர் பாட்டில் பார்ப்பது போல அங்கே நிற்பேன். வருகிறவர்கள் அட்டையைப் படிப்பார்கள், முகம் மலரும், ‘பரவாயில்லையே, நம்ம ஆளுங்க செஞ்சது’ என்று பையைத் தடவுவார்கள், விலைச் சீட்டைத் திருப்புவார்கள், மெதுவாக வைத்துவிட்டுப் பக்கத்துப் பையை எடுத்துக்கொண்டு போவார்கள். குறை சொல்லவும் மனம் வரவில்லை. இரண்டு பிள்ளைகளோடு வந்த ஒருத்தி, ‘ஒண்ணுன்னா வாங்கிடலாம், ரெண்டு பேருக்கும் வேணுமே’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒன்பது நாளில் இரண்டே பை. அம்மாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் நான் ஒரு அசட்டு வேலை செய்தேன். நானே மூன்று வாங்கி, நம் தெருப் பூட்டு ரிப்பேர்காரர் வீட்டில் ஒளித்து வைத்தேன். அன்று அம்மா பூரித்துப்போய், கூடத் தைக்கும் ஆறு பெண்களுக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். பூட்டுக்காரர் மனைவியின் வாய் சும்மா இருக்குமா, மறுநாளே விஷயம் அம்மா காதுக்கு வந்துவிட்டது. அம்மா கத்தவில்லை. தையல் மெஷினை நிறுத்திவிட்டு, ‘ஏங்க, வாங்கலைன்னா வாங்கலைன்னு எனக்குத் தெரியணும். நீங்க பண்ணினதை நம்பி நான் இன்னும் நூறு பை தைச்சிருப்பேனே’ என்றாள்.

அடுத்த நாள் என்னை வீட்டில் உட்கார வைத்துவிட்டு அவளே போய் நின்றாள். ஒரு நர்ஸ் அட்டையைப் படித்துவிட்டு, ‘எங்க தைச்சா என்ன, மூணு மாசத்துல ஜிப் போயிடுது, போனா யாரு மாத்தித் தருவா?’ என்று சலித்துக்கொண்டாராம். ‘நான்தான். ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கேன், கொண்டு வாங்க’ என்று அம்மா சொன்னதும், அவர் விலைச் சீட்டைக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாராம். அன்றே ‘ஜிப் போனால் நாங்களே மாற்றித் தருவோம்’ என்று புது அட்டை எழுதி, தன் போன் நம்பரையும் போட்டுவிட்டாள். மீதி நாட்களில் பதினாறு போயிற்று. அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று சொல்ல மாட்டேன், பலர் இன்னும் மலிவானதைத்தான் எடுக்கிறார்கள். பள்ளி திறக்கும்வரை பார்க்கலாம் என்றிருக்கிறார் மேலாளர். தைப்பவர்களில் இளையவள் மட்டும் காத்திருக்க முடியாமல் வேறு வேலைக்குப் போய்விட்டாள், அம்மாவுக்கு அதில்தான் வருத்தம். நீ அங்கே மலிவானதைத்தான் வாங்குகிறேன் என்று ஏதோ தப்புச் செய்தவள் போலச் சொன்னாயே, அப்படியெல்லாம் நினைக்காதே. உன் குடித்தனம் உனக்குத்தானே தெரியும். அந்த ஊர்க் குளிருக்கு நல்ல ஷூவாக வாங்கிக்கொள், அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதே.

இருவரும் மனம் ஒத்து, நீண்ட காலம் நன்றாக வாழ வேண்டும். ஒன்று மறந்துவிட்டேன். இப்போதெல்லாம் தெரியாதவர்கள் நிறையப் பேர் கூப்பிடுவதால், அம்மா நம்பரைப் பார்க்காமலேயே போனை எடுத்து ‘என்ன கலர் பைங்க?’ என்கிறாள். நீ கூப்பிடும்போதும் அப்படிக் கேட்டால் பயந்துவிடாதே. ‘நான்தாம்மா’ என்று சொல், போதும். அவள் குரல் மாறுவதை நான் இங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் அப்பா