பொங்கலில் விழுந்த குழி

ஆடி, மூணாவது வெள்ளி. காலையிலயே புழுக்கம்.

நாக்கு வெந்துபோச்சு. திருட்டுத்தனமா தின்னா வேகாம என்ன செய்யும். அம்மனுக்குப் படைக்க வச்ச சக்கரைப் பொங்கல். இனிப்பு சரியான்னு பாக்க ஒரு விரல். ஒரு விரல்தான். (ரெண்டு.)

படைக்கிறதுக்கு முன்னாடி வாய் வைக்கக் கூடாது. தெருவுக்கே இதைச் சொல்ற ஆளு நானு.

மருமக செல்வி (இனி செ., பேனாவுல மை கம்மி) மூணு வெள்ளி ஒருபொழுது இருக்கா. பசுமலையில இருக்கிற அவ அம்மாவுக்கு வர்ற புதன்கிழமை வயித்துல ஆப்ரேசன். இன்னிக்குப் படைச்சா நேர்த்தி முடிஞ்சது.

இவரு பானையை எட்டிப் பாத்து, "நடுவுல என்ன குழி?"

பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் மதினி வேற நிக்கிறா. என் வாய் சும்மா இருக்குமா. "உங்க மருமகளுக்குப் பசி தாங்கல போல"ன்னுட்டேன். மதினி குலுங்கிச் சிரிச்சா. வெளாட்டுக்குச் சொன்னேன்னு சொல்ல வாய் வரல.

இவரு செ.கிட்ட: "என்னத்தா நீ, விரதம் போச்சே."

செ. என்னைப் பாத்தா. அம்புட்டுதான்.

சனி. வெயில்.

வாங்க: உளுந்து, வெங்காயம் 1 கி., விளக்குத் திரி. கேஸுக்குச் சொல்லணும்.

நாக்குல ருசியே இல்ல. சாம்பாருக்கு எம்புட்டு உப்புன்னு செ.யைத்தான் கேட்டேன். விரல்ல அள்ளிக் காட்டினா. அவ ருசியே பாக்க மாட்டா. உப்பைப் போட்டுட்டு ஒரு நிமிசம் கண்ணை மூடுவா. வந்த நாள்ல இருந்து கேலி பண்றேன், "ஏன்டி, சாமியா வந்து உப்பு பாக்கும்?"ன்னு. அவ கையை நம்புறா, அடுப்பை நம்புறா, இன்னும் யாரையோ நம்புறா. நான் என் நாக்கை மட்டும். அது இப்ப வெந்து கெடக்கு.

போன்ல அவ அம்மாகிட்ட, "நல்லபடியா படைச்சாச்சும்மா, பயப்படாத." செவத்துக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டேன். சோறு இறங்கல. (ரெண்டு தட்டுதான்.)

ஞாயிறு. அழகர்கோவில் பக்கம் மழையாம். இங்க இல்ல.

செ. இன்னும் ஒரு வேளைச் சோறுதான். "செவ்வாயும் அம்மனுக்கு உகந்ததுதான அத்தை. மறுபடி படைச்சிருவேன்."

சொல்லிரலாம்னு அடுப்படிக்குப் போனேன். "கொத்தமல்லி இருக்கா?" திரும்பப் போனேன். "கரண்டி எங்க?" கரண்டி என் கையில.

திங்கள்.

ஒத்தக்கடையில இருந்து மாட்டுத்தாவணிக்கு, காய் வாங்க. பஸ்ஸுல செ., நானு, மதினி.

மதினி: "செல்வி, பசிச்சா சொல்லுத்தா. அம்மன்கிட்ட பெர்மிசன் வாங்கித் தாரேன்."

என் கேலிதான், அவ வாயில. கேக்கவே கூசுச்சு. செ. சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

"மதினி, தின்னது நாந்தேன்."

முன் சீட்டுல ரெண்டு பேர் திரும்பிப் பாத்தாக. மதினி வெத்தலை மெல்றதை நிறுத்திட்டா.

செ.: "தெரியும் அத்தை. உங்க முந்தானையில வெல்லம் ஒட்டியிருந்துச்சு."

"தெரிஞ்சுமாடி பேசாம இருந்த?"

"நீங்களே சொல்வீகன்னு இருந்தேன்."

உப்பு போட்டுட்டுக் கண்ணை மூடுவாளே, அதே மூஞ்சி. எனக்கு எங்க பாக்கன்னு தெரியல. டிக்கெட்டைச் சுருட்டிக்கிட்டே வந்தேன்.

வீட்டுல இவருகிட்டயும் சொன்னேன். டிவி சத்தத்தைக் கூட்டிக்கிட்டாரு.

செவ்வாய். மேகமூட்டம்.

வெல்லம் தீந்துபோச்சு. அதனால புளியோதரை. நானும் காலையில இருந்து பச்சைத் தண்ணி குடிக்கல. நாக்கு ஆறிருச்சு, ஆனா ருசி பாக்கல. கல்லுப்பை அள்ளிப் போட்டு, அவளை மாதிரியே கண்ணை மூடினேன். வெக்கமாத்தான் இருந்துச்சு.

படைச்சோம். செ. அவ அம்மா பேரைச் சொல்லிக் கும்பிட்டா. நானும் அந்தப் பேரையே சொன்னேன். நாளைக்கு வெள்ளன பசுமலை கிளம்பணும்.

காக்காவுக்கு வச்சோம். ஒரு வாய் எடுத்துட்டு நேரா மதினி வீட்டுத் தண்ணித் தொட்டிக்குப் போச்சு. இவரு ஒரு வாய் தின்னுட்டுச் செம்பைத் தேடுனாரு.

நான் கறிவேப்பிலை ஒடிக்கப் போனப்ப செ.வும் உப்பு போட்டிருக்கா. கண்ணை மூடி.